கடைசி வரி வரைக்கும் படிப்பவள்

“மூடாதீங்ண்ணா! மூடாதீங்ண்ணா!”

இன்றைக்கும் கம்ப்யூட்டர் திரையில் ஏதாவது ஒரு பெட்டி குதித்து வந்து நின்று, என் கை தன் போக்கில் அதன் மூலையிலுள்ள பெருக்கல் குறிக்குப் போகும்போது, காதுக்குள் இந்தக் குரல் கேட்கிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது. அந்தப் பெண் கடைசியாக எங்கள் மலையேறி வந்து நாலைந்து வருஷம் இருக்கும். சேந்தமங்கலத்தில் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவளுடைய பழைய நம்பரும் போவதில்லை. ஓசூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள் என்று கேள்வி. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், மகராசி.

பெயரை எழுதப் போவதில்லை. “பேரெல்லாம் எதுக்குங்ண்ணா?” என்று கூச்சப்படுகிற ஆள். எங்களுக்கு அவள் சிஸ்டம்காரப் பொண்ணு. அது போதும்.

நான் கொல்லிமலைக்காரன். வாசலூர்பட்டி போகிற ரோட்டில் எங்கள் மிளகு விவசாயிகள் குழுவுக்கு ஒற்றை அறை ஆபீஸ் உண்டு. நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்த குழு. அதில் நானும் ஒருவன். முக்கால் ஏக்கரில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டதால் ஆபீஸ் எழுத்து வேலையும் என் தலையில் விழுந்தது. போட் ஹவுஸுக்கு எப்படிப் போவது என்று காரை நிறுத்திக் கேட்கிறவர்களுக்கு வழி சொல்வதும் என் வேலைதான். அதை மட்டும் தப்பில்லாமல் செய்தேன் என்று சொல்லலாம்.

எங்கள் மிளகுக்கு ரசாயனம் போடாத மிளகு என்று ஒரு சான்றிதழ் உண்டு. அதை வாங்க மூன்று வருஷம் காத்திருந்தோம். யார் தோட்டத்தில், எந்த நாளில், எவ்வளவு பறித்தார்கள் என்பதை அன்றன்றைக்கே பதிவு செய்ய வேண்டும். பறிப்பு முடிந்ததும் அந்தப் பதிவையெல்லாம் சான்றிதழ் தருகிற நிறுவனத்துக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். பதிவில் பித்தலாட்டம் என்று தெரிந்தால் குழு மொத்தத்துக்கும் சான்றிதழ் போய்விடும். மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம். நாற்பத்திரண்டு வீட்டுக்கும்.

அந்த மெயில்தான் எங்களை ஆட்டிவைத்தது. குழுவின் மெயில் முகவரி ஆபீஸ் கம்ப்யூட்டரிலுள்ள மெயில் புரோகிராமில் மட்டும்தான் வேலை செய்யும். நிறுவனத்துக்காரர்களும் அந்த முகவரியிலிருந்து போனால்தான் ஏற்பார்கள். நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தமாதிரி படுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்கிற பொருளில் தொடங்கும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள். நான் மூடிவிடுவேன். மறுபடி வரும், மறுபடி மூடுவேன். நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும்.

எங்கள் குழுத் தலைவர் அறுபது வயதுக்காரர். நல்ல மனுஷர், தொண்டைதான் கொஞ்சம் பெரிசு. “பனி எறங்குனா அப்படித்தான் ஆவும்” என்பார் அவர். டவர் சரியில்லை என்றார்கள் சிலர். “நீங்க வாயில வந்ததெல்லாம் திட்டுறது அதுக்குக் கேக்காதாக்கும்?” என்றாள் என் மனைவி.

முதலில் நாமக்கல்லிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்ததும் ‘பரவாயில்லை, இதை நம்பு’ என்கிற மாதிரி ஒரு பொத்தானை அமுக்குவார். மெயில் கடகடவென்று போகும். டீ குடிப்பார், போய்விடுவார். பத்து நிமிட வேலை. கெட்டிக்காரர் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். அவர் வராமல் போன பிறகுதான் சேந்தமங்கலத்துக் கடைக்குப் போன் போட்டேன். அங்கிருந்து இவள் வந்தாள்.

இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியான தோளில் பெரிய கறுப்புப் பை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். மலையடிவாரத்திலேயே முள்ளுக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலைரோட்டின் எழுபது கொண்டைஊசி வளைவும் ஆகவே ஆகாது. முகம் வெளுத்துப் போய் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். “ஒரு அஞ்சு நிமிசங்ண்ணா. நான் வந்துட்டேன், தலைதான் இன்னும் வளைவுலயே சுத்திக்கிட்டிருக்குது.” கண்ணை மூடிக்கொண்டு வந்தால் தலைசுற்றாதே என்றேன். “எப்படீங்ண்ணா மூடறது? ஒவ்வொரு வளைவுலயும் போர்டு வெச்சிருக்காங்களே, படிக்க வேண்டாமுங்களா?”

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எழுத்து என்று எங்கே இருந்தாலும் அவள் படிப்பாள். முழுசாகப் படிப்பாள். வாய்விட்டுப் படிப்பாள். எங்கள் டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் கடைக்காரர் எச்சிலை விழுங்க ஆரம்பித்துவிடுவார். “தேதி போன மாசமே முடிஞ்சிருச்சுங்களேண்ணா” என்று நாலு பேர் காதில் விழச் சொல்வாள். சண்டைக்காரத் தொனியே இருக்காது. பஸ் டைம் சொல்கிற மாதிரி சொல்வாள். அது இன்னும் மோசம். என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், அலமாரியிலிருந்த என் மனைவியின் நெஞ்செரிச்சல் மாத்திரைச் சீட்டை எடுத்து, சாப்பிடுகிற கையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படித்தாள். “அக்கா, இத எப்ப போடறீங்க?” “சாப்பிட்டதும் கண்ணு.” “சாப்பாட்டுக்கு முன்னாடின்னு போட்டிருக்குதுங்களே. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுருங்க.” ரெண்டு வருஷமாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. டாக்டரும் அதையே சொன்னதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் பெண் சாமி மாதிரி. சாமைச் சோற்றில் இன்னொரு கரண்டி விழும்.

அப்படி ஒருநாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள், “ஏங்கண்ணு, எல்லாத்தையும் இப்படிப் படிச்சுக்கிட்டே இருந்தா அலுப்பா இருக்காதா?”

அவள் சிரித்தாள். “பத்தாவது ஹால் டிக்கெட்ல என் பொறந்த தேதி தப்பா வந்துருச்சுங்க்கா. எங்க ஊட்ல யாரும் படிச்சுப் பாக்கல. நானும் போட்டோ நல்லா இருக்குதான்னு மட்டும் பாத்தேன். அத மாத்தறதுக்கு அப்பா ஒரு வருசம் அலைஞ்சாரு. எனக்கும் ஒரு வருசம் போச்சு.” சொல்லிவிட்டு ரசம் கேட்டாள்.

முதல் தடவை ஆபீஸில் உட்கார்ந்ததும் அவள் செய்த வேலை, நாமக்கல்காரர் ‘நம்பு நம்பு’ என்று அமுக்கி வைத்த பட்டியலைத் தேடி எடுத்ததுதான். பதினொன்று இருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“பதினோரு தடவ, வந்து நிக்கிறது யாருன்னே கேக்காம கதவத் தொறந்து விட்டிருக்கீங்களேண்ணா!”

“மெயில் போச்சே கண்ணு.”

“போச்சுங்க. யாருகிட்டப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு எனக்கு விளக்கினாள்: நம் கம்ப்யூட்டர் மெயில் கொடுக்கப் போகும்போது அந்தப் பக்கத்திலிருக்கிற கம்ப்யூட்டர் ஒரு அடையாள அட்டையைக் காட்டும். அட்டையில் பெயர் இருக்கும், என்றிலிருந்து என்றுவரை செல்லும் என்று இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் நம் கம்ப்யூட்டர் பேச்சை ஆரம்பிக்கும். ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்துக்காரர்கள் பழைய அட்டையை மாற்றிப் புது அட்டை வாங்குவார்கள். “அதுல என்ன கோளாறுன்னு அந்தப் பொட்டியிலயே எழுதியிருக்குங்ண்ணா. வந்தா மூடாதீங்க, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.” ஆனால் அன்று கோளாறே வரவில்லை. மெயில் ஒழுங்காகப் போனது. ரெண்டாம் தடவை போட்டோ எடுத்து அனுப்பினேன்; கீழ்ப்பாதியை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. அவள் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். அன்றும் மெயில் ஒழுங்காகப் போனது.

“நீ வந்தாலே அது பயந்து சரியாயிருது கண்ணு” என்றேன்.

“எனக்கு அப்படித் தோணலீங்ண்ணா” என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் கோபம்தான். சும்மாவா, போக வர நூற்றிநாற்பது வளைவு.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் பறித்த அன்றைக்கே ஆபீஸுக்கு வரமாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு மலைச்சரிவில் இருக்கிறார்கள். சந்தை நாளில்தான் இந்தப் பக்கம் வருவார்கள். பறித்த நாளைக் கையால் எழுதிய சீட்டை அப்போதுதான் கொடுப்பார்கள். ஆனால் பதிவு செய்கிற புரோகிராம் என்ன செய்யும்? இன்றைய தேதியை அதுவே போட்டுக்கொள்ளும், மாற்ற விடாது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரின் காலண்டரையே பின்னால் தள்ளிவிடுவேன். எட்டு நாள் முன்பு பறித்ததா, கம்ப்யூட்டர் எட்டு நாள் பின்னே போகும். பத்து நாளா, பத்து நாள் பின்னே. எல்லாப் பதிவும் அன்றன்றைக்கே எழுதினமாதிரி அழகாக இருக்கும். வேலை முடிந்ததும் காலண்டரைத் திருப்பி வைப்பேன். சில சமயம் மறந்து நாலைந்து நாள் அப்படியே கிடக்கும். நாமக்கல்காரர் எதையும் படிக்கிற ஆளில்லை, அவருக்கு நான் பயப்படவில்லை; வேறு யாராவது ஆபீஸுக்கு வருகிறார்கள் என்றால் மட்டும் மறக்காமல் திருப்பிவிடுவேன். இதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. மெயிலுக்கும் இதற்கும் முடிச்சு இருக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் பதிவுகளை அனுப்பக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். காலையில் மிச்சமிருந்த சீட்டுகளை உட்கார்ந்து ஏற்றினேன். அனுப்பு என்று அமுக்கினேன். பெட்டி குதித்தது. மூடினேன். குதித்தது. மூடினேன். கடைக்குப் போன் போட்டால், அவள் அன்று மலை மேலேயே, செம்மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாள், அங்கிருந்தே வருவாள் என்றார்கள். மத்தியானம் வருவாள் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் தலைவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். எனக்குக் காலண்டரைத் திருப்ப நேரமில்லை. பெட்டியை மூடப் போன கையைப் பார்த்துத்தான் வாசலிலிருந்தே கத்தினாள், “மூடாதீங்ண்ணா! மூடாதீங்ண்ணா!”

உட்கார்ந்தாள். வாய்விட்டு, வரி வரியாக, தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். தலைவர் அவள் பின்னால் கைகட்டி நின்றார்.

“பேரு சரியா இருக்குதுங்க. அட்டை கொடுத்தவங்களும் நல்ல ஆளுங்கதான். இந்த அட்டை போன வெள்ளிக்கிழமையிலிருந்து செல்லும்னு போட்டிருக்குது.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா உங்க கம்ப்யூட்டர்ல அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவே இல்லீங்ளே.”

திரையின் மூலையிலுள்ள தேதியைச் சுட்டினாள். தலைவர் குனிந்து பார்த்தார். “இதென்னப்பா, பத்து நாளுக்கு முந்துன தேதியக் காட்டுது?”

அந்தச் சமயத்தில் என் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்கிறீர்கள்! கம்ப்யூட்டருக்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்தால் தேதி தாறுமாறாகும் என்று முன்பு யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

“பேட்டரி போயிருச்சாட்ட இருக்குது. இல்லைங்களா கண்ணு?” என்றேன். அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல்தான் இருந்தது. வாழ்க்கையில் அவளை அன்றைக்குத்தான் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ‘ஆமா’ போதும். புதுப் பேட்டரி அவள் பைக்குள்ளேயே இருந்தது.

“பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. தேதி தானா சரியாகிக்கறதுக்கு ஒரு வசதி இருக்குது. அத யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க.”

“யாரோன்னா?” என்றார் தலைவர்.

“அது திரையில எழுதலீங்க” என்றாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஜீவன்கள் ரெண்டே ரெண்டு. ஒன்று நான். இன்னொன்று பின்னால் குடியிருந்த பல்லி. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைவர் கத்திய கத்தலில் ரோட்டில் வழி கேட்க நின்ற ஒரு கார் கேட்காமலே கிளம்பிப் போனது. “மூணு வருசம்டா! நாப்பத்திரண்டு ஊடுடா!” என்று சொல்லிவிட்டு வெளியே போய் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அவள் மேல்தான். “ஒரு வார்த்த சொன்னா உன் தலையா போயிரும்?” என்றேன். பேசக் கூடாத பேச்சு. அவள் கண் கலங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை. தேதியைச் சரி செய்தாள். நிறுத்தி வைத்திருந்த வசதியைத் திரும்ப ஓடவிட்டாள். பெட்டி வரவில்லை, மெயில் திறந்துகொண்டது.

“ஆச்சுங்ண்ணா. இப்ப மெயில் போவும். என்ன அனுப்பறதுன்னு நீங்கதான் சொல்லோணும்.”

மணி பன்னிரண்டு. எனக்கு நேரம் இருந்தது, வழியும் இருந்தது. பதிவுகளை அப்படியே அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. தலைவரும் அப்போதிருந்த நிலையில் தலையாட்டியிருப்பார். அவள் விரல்களைத் தட்டச்சுப் பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நடந்தத எழுது கண்ணு” என்றேன்.

தலைவரையும் உள்ளே கூப்பிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள், அடித்ததைப் படித்துக் காட்டினாள். “தவிர்க்க முடியாத காரணங்களால் என்று போடு” என்றேன்.

“என்ன காரணங்ண்ணா?”

“சந்தை நாள்லதான் வாராங்க. வேற என்ன?”

“அப்ப அதையே போட்டுரலாமுங்களே.” போட்டாள். கையால் எழுதிய சீட்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்பலாம், அதில்தான் பறித்த உண்மையான தேதி இருக்கிறது என்பதும் அவள் சொன்ன யோசனைதான். தலைவர் சீட்டை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்துப் பிடிக்க, அவள் போனில் எடுத்தாள்.

“நாப்பத்தொரு பேரு சீட்டுத்தான் இருக்குது. ஒருத்தரது குறையுதுங்ளே?”

தலைவர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. எது குறைகிறது என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் சீட்டையெல்லாம் வாங்கி அடுக்கியவன், என் தோட்டத்துக்குச் சீட்டே எழுதியதில்லை. மனதில் இருந்ததை நேரே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். வெற்றுச் சீட்டுக்கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேனா சட்டைப் பையில். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. கை பேனாவரைக்கும் போனதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி விஷயத்தில் எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல மறுத்து, என்னிடம் திட்டும் வாங்கி, இன்னும் எனக்காகவே உட்கார்ந்திருக்கிற பெண். அவளுக்கு முன்னால் அதைச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது.

“அது என்னுது கண்ணு. நான் எழுதவே இல்ல.”

அவள் மெதுவாகத் திரும்பினாள். “அப்படியே போட்டுரட்டுங்களாண்ணா?”

“போடு.”

போட்டோக்களின் கனம் தாங்காமல் நாலு மெயிலாகப் பிரித்து அனுப்பினோம். கடைசி மெயில் போனபோது மணி நாலேகால். அன்றைக்கு அவளுக்கு டீகூட வாங்கித் தரவில்லை என்பது அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் உறைத்தது.

பத்து நாள் கழித்து நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். சீட்டுகளைக் கேட்டார், சரிவு சரிவாக நடந்து போய் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். கம்ப்யூட்டர் பக்கம் அதிகம் போகவில்லை. கிளம்பும்போது தலைவரிடம், “போன வருசப் பதிவுலயே சந்தேகம் வந்துருச்சுங்க. பறிப்புக் காலம் முழுக்க ஒருநாள்கூடத் தவறாம எழுதுற குழு எங்கயும் கெடையாது. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தோம்” என்றார். தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முடிவு மெயிலில் வந்தது. பெட்டி எதுவும் வரவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தேன். படித்ததும் கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

“என்னங்ண்ணா, மறுபடியும் பொட்டி வந்துருச்சுங்களா?”

“இல்ல கண்ணு. முடிவு வந்துருச்சு. நாப்பத்தொரு ஊட்டுக்கும் சான்றிதழ் நிக்குது.”

“அய்யோ, ரொம்ப சந்தோசங்ண்ணா!” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “உங்களுக்குங்ண்ணா?”

“எனக்கு இல்ல. சீட்டு இல்லையே, என் தோட்டம் மொதல்ல இருந்து மூணு வருசம்.”

அந்தப் பக்கம் கடையில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிறாளோ என்று தோன்றியது. “என்னாலதானுங்ளேண்ணா” என்றாள்.

“ஆமா, உன்னாலதான்” என்றேன். “நீ மட்டும் அன்னைக்குப் பேட்டரின்னு சொல்லியிருந்தா, நாப்பத்திரண்டு பேரையும் நான் தெருவுல நிறுத்தியிருப்பேன் கண்ணு. நல்லவேளை, நீ சொல்லல.”